அறிவிக்காமல் அழைத்த பெயர்

லியபாயாவில் ஜனவரி. கடல் உறையவில்லை.
காற்றுதான் ஜன்னல் ஜன்னலாக
யார் வீட்டில் சூடு மிச்சமென்று பார்க்கிறது.
வெந்நீர் நிலையத்தில் மூன்றாம் பம்ப்
நாற்பது நிமிடத்திலும் நிற்கும், நான்கு மணி நேரத்திலும் நிற்கும்,
நிற்பதற்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வதில்லை.
கீழே ஜின்த்ரா கைப்பிடியை இறக்கி ஏற்றிவிட்டு
தொலைபேசியில் இரண்டே சொல் சொல்கிறாள்:
"விஸ்மா, மறுபடியும்."

புதுப் பலகைக்குள் எட்டிப் பார்க்க
ஒரு டீபக்கர் வேண்டும்.
பலகை விற்றவர்கள் கம்பைலரைக் கட்டியே தந்தார்கள்,
டீபக்கருக்கு மட்டும்
பன்னிரண்டு வருடத்து மூலநிரலும் ஒரு வாழ்த்து அட்டையும்.
என் மடிக்கணினியில் இருப்பதோ
போன மாதம் வந்த இன்னொரு கம்பைலர்.
பார்த்ததுமே இரண்டும்
மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன.

ஒரே மாறியை இரண்டு கோப்புகள்
தன்னுடையதென்று எழுதிவைத்திருந்தன.
பழைய காலமென்றால் வரப்பை அழித்து
ஒரே பட்டாவாக்கிக் கொடுத்திருப்பார்கள்.
இது கல் நட்டுவிட்டுத்தான் பேசும்.
சரி என்று ஒருவனை
வெளியாள் என்று எழுதிக் கொடுத்தேன்.

பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்.
எச்சரிக்கையெல்லாம் பிழையே என்று
யாரோ கண்டிப்பானவன் எழுதிய வரியை வெட்டினேன்.

பிறகு இது:
அறிவிக்காத பெயரை அழைக்கிறாய்.
முன்பெல்லாம் இப்படி அழைத்தால்
போகட்டும், முழு எண்தானே தரப்போகிறது என்று
கம்பைலரே ஊகித்துக்கொள்ளும்.
இப்போது வாசலிலேயே நிறுத்துகிறது.
மணி இரண்டரை. வாதாட எனக்குத் தெம்பில்லை.
ஒரு ஃபிளாக் சேர்த்து அதன் வாயைக் கட்டினேன்.

"விஸ்மா, மறுபடியும்."

மூன்று ஐம்பதுக்கு டீபக்கர் எழுந்து உட்கார்ந்தது.
பம்ப்பின் நிரலை நீட்டினேன்.
குறிப்புகள் ஐந்தாம் வடிவில் இருக்கின்றன,
எனக்கு நான்குவரைதான் படிக்கத் தெரியும் என்றது.
அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்
ஆறிய காபியைக் குடித்தேன்.
நான்காம் வடிவில் எழுதச் சொல்லி
நிரலை மறுபடி கட்டினேன்.

ஐந்து பத்துக்குப் பம்ப் நின்றது.
இந்த முறை நின்ற இடத்திலேயே பிடித்தேன்.
குழாயின் வெப்பம்
நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம் டிகிரி.
சூரியனைக் காய்ச்சித் துறைமுகத் தெருவுக்கு அனுப்புகிறோமென்று
நிரல் நம்பியிருக்கிறது,
பயந்து தன்னையே அணைத்திருக்கிறது.
பாவம். நியாயமான பயம்.

ஒவ்வொரு படியாக மேலே ஏறினேன்.
வெப்பத்தைக் கேட்கும் வரி அங்கே இருந்தது.
கேட்கப்படும் ஃபங்ஷன் இன்னொரு கோப்பில்.
இந்தக் கோப்பில் அதை யாரும் அறிமுகப்படுத்தவில்லை.
அது பதிலை ஒரு பெட்டியில் வைத்துவிட்டுப் போக
இது பக்கத்துப் பெட்டியைத் திறந்து
யாரோ விட்டுப்போன குப்பையை
டிகிரி என்று வாசித்திருக்கிறது.
குப்பை பெரும்பாலும் சின்ன எண்.
ஒருவரும் கண்டுகொள்வதில்லை.

நிரலை எழுதிய குன்டிஸ் இப்போது டப்ளினில்.
என் காலத்தில் ஓடியதே என்றான் நேற்று.
ஓடியதுதான்.
அக்டோபரில் அந்தக் கோப்பை இரண்டாகப் பிரித்தவள் நான்.
கட்டும் கோப்பின் முதல் வரியில்
எச்சரிக்கை வேண்டாம் என்று எழுதியவளும்,
தேதியோடு, பெயரோடு,
நான்.

அறிவிப்பு ஒரே வரிதான். ஒரு அரைப்புள்ளியோடு முடிந்தது.

விடியும்வரை உட்கார்ந்து
டீபக்கரின் வாய்க்கட்டையும் அவிழ்த்தேன்.
பதினான்கு பெயர்கள் வந்தன.
ஒன்பதை எழுதினேன், மிச்சத்துக்குக் கண் சொருகியது.

எட்டு மணிவரை அழைப்பே இல்லை.
தாங்காமல் நானே அழைத்தேன்.
வெகுநேரம் மணியடித்து
தூக்கக் குரலில் எடுத்தாள் ஜின்த்ரா:
"என்ன, நின்றுவிட்டதா?"