எந்த விதியில் ஆடுவது

வெள்ளவத்தை, இரண்டாம் மாடி, தண்டவாளப் பக்கத்து அறை.
வாடகை விளக்கு இரண்டு. மைக் நான்கு, அதில் ஒன்று இருமும்.
கமெரா கபிலாஷின் மாமாவுடையது;
ஞாயிறு கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம்,
அதற்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.
இன்று வியாழன்.
எட்டு எபிசோடுக்குக் கதை இருக்கிறது, கதிரை இருக்கிறது,
எந்த விளையாட்டு என்பதுதான் இல்லை.

முதலாவது, முந்நூற்றிருபது பக்கப் புத்தகம்,
இருபது முகத் தாயக்கட்டை.
கபிலாஷுக்கு அது பாராயணம்.
ஒரு பாலம், மூன்று கொள்ளையர், ஐம்பது நிமிடச் சண்டை:
பதினொண்டோட நாலு, இருட்டுக்கு ரெண்டு கழி,
கேடயம் இருக்கா, இருந்தா எந்தக் கையில.
ஓடவிட்டுப் பார்த்தேன்.
திரை முழுக்க நாலு உச்சந்தலை.
"கணக்குச் சோதினை மண்டபம் மாதிரி" என்றாள் மதுரகி.
வெளிச்சம் தெறித்துக் கட்டையில் எண்ணும் தெரியவில்லை;
விழுந்தது பத்தொன்பது என்று
நாங்கள் சொன்னால் ஊர் நம்ப வேண்டும்.

இரண்டாவது, மரத்துண்டுக் கோபுரம்.
துணிகிற ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை உருவு.
சரித்தவர் கதையில் செத்தார்.
வெட்டித் தொகுக்கிறவள் நான், எனக்கு இது விருந்து:
விரல் நடுங்கும், மூச்சு மைக்கில் ஏறும்.
செஹான் கையை நீட்டியபடி யோசித்துக்கொண்டிருந்தான்.
ஆறு நாற்பது. பாணந்துறை ரயில்.
அவன் தொடவேயில்லை.
பிறகு அரை மணித்தியாலம்
அவன் செத்தானா இல்லையா என்று வழக்கு.
விதிகளை முன்னும் பின்னும் புரட்டினோம்.
ரயிலுக்கு விதி இல்லை.

"அப்ப முதலாவதுதான்" என்று கபிலாஷ்
இரவு நான் தமிழாக்கிய பாத்திரத் தாள்களைப் பரப்பினான்.
பெயர்.
அடுத்த கட்டத்தில், இனம்.
மனிதர், குள்ளர், பாதிப் பூதம்,
எதையாவது எழுதுகிற இடம்தான்.
தூக்கக் கலக்கம், எனக்கு உறைக்கவில்லை.
ரிஸ்மினாவின் பேனை நின்றது.
"இங்கயாவது பொய் எழுதலாமா?"
செஹான் சிரித்தான், பிறகு தன் தாளைப் பார்த்தான்.
கமெராவை எல்லாரும் மறந்த பதினான்கு வினாடி.
அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

குலம் என்று மாற்றுவோமா என்றேன்.
"அது இன்னும் மோசம்."
கட்டத்தையே எடுத்துவிடு என்றேன்.
கபிலாஷ் பென்சிலால் எண்ணினான்:
"எடுத்தா இருபத்தாறு இடத்தில கணக்கு உடையும்.
பலம் அதிலயிருந்துதான் வருது.
இருட்டில கண் தெரியிறதும் அதிலயிருந்துதான்."
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவதை மதுரகி கைப்பையிலிருந்து எடுத்தாள்.
மடித்த ஒற்றைத் தாள்.
புறக்கோட்டையில் கரம்போட் விற்கிற கடையில் வாங்கிய
சாதாரண ஆறுமுகன்கள் இரண்டு பேர்.
பத்தும் அதற்கு மேலும் விழுந்தால் கேட்டது கிடைக்கும்.
ஆறும் அதற்குக் கீழும் என்றால் கதை உன்னைக் கடிக்கும்.
இடையில் விழுந்தால் கிடைக்கும், ஆனால்.
"ஆனால் என்ன?"
"அதை நீங்கதான் சொல்லோணும்."

செஹான் உருட்டினான். எட்டு.
கதவு திறந்தது, ஆனால்
என்று கபிலாஷ் இழுக்க
மூன்று முகமும் நிமிர்ந்தன.
அவனுக்கே அடுத்தது தெரியாது என்பது
அவன் மூக்கு நுனி வியர்வையில் தெரிந்தது.
அந்த இடைவெளியில் இன்னொரு ரயில் போனது.
அந்த இரைச்சலை நான் வெட்டப்போவதில்லை.

இதுதான் என்று முடிவாயிற்று.
கபிலாஷ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.
மேசைக்கு ஒரு கால் கட்டை,
உருட்டுவதெல்லாம் ரிஸ்மினா மடியில் போய் விழுகிறது.
பேசாமல் குனிந்து
முந்நூற்றிருபது பக்கத்தையும் அந்தக் காலுக்கு முண்டு கொடுத்தான்.
கொஞ்சம் உயரம் கூடிவிட்டது.
இப்போது எல்லாம் செஹான் பக்கம் ஓடுகிறது.