தண்ணீரில் போடலாமா

வவுனிக்குளத்துக் கட்டில்
துருசைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால்
ஒரு இடம் இருக்கிறது.
அங்கே நின்றால் இரண்டு கோடு சிக்னல்.
குந்தினால் ஒன்று.
ஆகவே நின்றுகொண்டுதான்
எல்லாருடைய கேள்விகளையும் வாசிப்பேன்.

என்னுடைய முதல் கேள்வி தண்ணீர் மிசினைப் பற்றியது.
கயிற்றை இழுக்க இழுக்கத் தும்மிவிட்டு நின்றது.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கும் ஒருவர்
பிளக்கைக் கழற்றி மண்தாளால் உரஞ்சச் சொன்னார்.
"கரண்ட் அடிச்சால் நான் பொறுப்பில்லை."
உரஞ்சினேன். ஓடியது.
மிளகாய்க் கண்டுகள் அவருக்கு நன்றி சொல்லவில்லை.
நானும் மறந்துபோனேன்.

பிறகு பழகிவிட்டது.
இடியப்ப மா ஏன் உரலோடு இழுபடுகிறது,
மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு,
பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்கு ஒரு அரவு கூட,
யாரிடம் போகவேணும்?
("செவ்வாய் போகாதீங்கோ, அந்த மேசைக்காரர் லீவு.")
வெள்ளைப்பூடு இடித்துப் போட்டால் பாம்பு வராதா என்று
நெடுங்கேணிக்காரர் ஒருவரும்
விசுவமடுக்காரி ஒருத்தியும்
இரவு பதினொரு மணிவரை சண்டை பிடித்தார்கள்.
பாம்பு வந்ததா என்று
இருவருமே கடைசிவரை சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு பின்னேரம்.
சூரியகாந்திப் பூவைப் படமாய் வைத்திருந்த இலக்கம் கேட்டது:
"பிறேம் போட்ட படம் கண்ணாடியோட ஒட்டிப்போச்சு.
கிழியாமல் எடுக்கிறது எப்பிடி?"

"இழுக்க வேண்டாம்."
மூன்று பேர், ஒரே நிமிடத்தில்.

"எத்தினை தரம் நனைஞ்சது?"
"தெரியாது. மண்ணுக்குள்ள இருந்தது."

மேலே ஒருவர் எழுதிக்கொண்டிருப்பதாய்க் காட்டியது.
நின்றது.
வேறொருவர் எழுதினார்.
அதுவும் நின்றது.
நானும் இரண்டு சொல் எழுதி அழித்தேன்.
அவர்கள் அழித்ததும் அதே இரண்டு சொற்களாய்த்தான்
இருந்திருக்கும்.

புள்ளிதான் முதலில் வந்தார்:
"ஸ்ரூடியோவில கழுவின படமோ,
பிரின்ரரில அடிச்சதோ?"
"ஸ்ரூடியோ. 2006."
"அப்ப தண்ணி தாங்கும்."

முதலில் கண்ணாடிக்கு மேலாலேயே போனில் ஒன்று எடுங்கோ,
சரிச்சுப் பிடிச்சு, லைற் விழாமல்.
கொதிச்சாறின தண்ணி. தட்டையான சட்டி.
படம் கீழ, கண்ணாடி மேல.
இல்லை, கண்ணாடி கீழ.
(இதற்கும் ஒரு சின்னச் சண்டை.)
நகத்தால தோண்டாதீங்கோ.
ஒரு மணித்தியாலம், தேவையெண்டால் ரெண்டு.
தானாய் விடும். விடாட்டி விடுங்கோ,
தண்ணியை மாத்தி நாளைக்குப் பாப்பம்.

அன்றிரவு கட்டில் நுளம்பு.
ஒன்பதரைக்கு இறங்கி வந்தேன்.
வீட்டில் சிக்னல் இல்லை.
எங்கோ ஒரு குசினியில்
ஒரு சட்டித் தண்ணீருக்குள்
யாரோ ஊறிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் பதில்:
"வந்திட்டுது.
வலப்பக்கக் காது மட்டும் கண்ணாடியில நிண்டிட்டுது.
பறவாயில்லை."

பெருவிரல் படங்கள் ஒரு பதினைந்து இருக்கும்.
யாரோ தவறுதலாய்ச் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு
உடனே எடுத்தார்கள்.

அதற்குக் கீழேயே,
அந்தக் காதுக்கு இடம் விடாமல்,
புதிய இலக்கம் ஒன்று அவசரப்பட்டது:
"காஸ் சிலிண்டரில உஸ் எண்டு சத்தம் வருது
வீட்டில நானும் குழந்தையும் மட்டும்
ஆரும் இருக்கிறீங்களோ"

நான் எழுதத் தொடங்கமுன்
சூரியகாந்தி எழுதிவிட்டாள்:

"இருக்கிறன்.
முதல் சிலிண்டரைப் பூட்டுங்கோ. ஜன்னலைத் திறவுங்கோ.
லைற் போடாதீங்கோ.
பிள்ளையோட வெளியால வந்து நிண்டு
எனக்கு ஒரு சொல் போடுங்கோ.

பிறகு சவர்க்கார நுரை பூசிப் பாப்பம்.
குமிழி வாற இடத்தாலதான் போகுது."