நான்காம் படி

துலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி கரையோரம் உறைந்து கிடக்கிறது.
என் வீட்டு வாசலில் ஐந்து படி.
நான்காவதில், கூரை சொட்டிச் சொட்டி,
கண்ணாடி போல ஒரு தகடு.
அதில் உப்புத் தூவ மறந்த காலை
ஒன்பது பத்துக்கு
ஆர்வோ கின்னுனென் விழுந்தார்.

ஊருக்கெல்லாம் பனி தள்ளுகிறவர்.
மூன்று லாரி, நாலு ஆள்.
எழுபத்திரண்டு வாசலை விடியுமுன் வழித்துவிட்டு
என் வாசலில் வந்து விழுந்தார்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை.
கட்டிலுக்கும் துவைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில்
ஒரு மேசை போட்டு
பதினோரு சிறு தொழில்களின் வரவு செலவு பார்க்கிறேன்.

போன செப்டம்பரில் ஒரு படிவம் வந்தது.
கேள்வி பதினான்கு:
தொழில் நிமித்தம் வெளியார் எவரேனும்
தங்கள் இல்லத்துக்கு வருவதுண்டா?
உண்டென்றால் மாதம் நாற்பத்தொரு டாலர் கூடுதல்.
பேனாவைக் கடித்துக்கொண்டு
ஆர்வோவை நினைத்தேன், மாதம் ஒரு முறைதானே.
எல்லாம் மின்னஞ்சலில்தானே.
'இல்லை'யில் கோடு போட்டுவிட்டு
நாற்பத்தொன்றைப் பன்னிரண்டால் பெருக்கினேன்.
பிறர் புத்தகத்தில் நான் விடாத பெருக்கல் அது.

இடுப்பெலும்பு முறியும் சத்தம்
நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது,
ஈர விறகு போல.
ஒரு கையில் காகிதம் சுற்றிய ரொட்டி,
அவர் மனைவி ஐலி ஏலக்காய் போட்டுச் சுட்டது.
மறு கையில் மடித்த காசோலை.
ஜனவரிக் கூலி, முந்நூற்று எண்பது.

ஆம்புலன்ஸ் வரும்வரை
என் கோட்டை அவர்மேல் போர்த்திப்
பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
பனியில் ஏலக்காய் மணத்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு ஆர்வோ சொன்னார்:
"அந்தச் செக்கை உள்ளே வை, வெர்னா.
நான் ரொட்டி கொடுக்கத்தான் வந்தேன்.
யார் கேட்டாலும்."

அவருக்குத் தெரியும்.
லாரிகளின் பாலிசியை
என் மேசையில் உட்கார்ந்து
பொடி எழுத்துவரை படித்தவர்.

பத்தாம் நாள் தொலைபேசியில் ப்ரூயிட்.
மரியாதையான குரல், பின்னால் விசைப்பலகை.
விழுந்த அந்தக் கணத்தில், மேடம்,
அவர் விருந்தாளியா, வாடிக்கையாளரா?
விருந்தாளி என்றால் வீட்டுக் காப்பீடு பணம் தரும்.
வாடிக்கையாளர் என்றால்
விலக்குகள், பக்கம் இருபத்திரண்டு.

இரண்டும்தான், என்றேன்.
ஒன்றைத்தான் குறிக்க முடியும், என்றார்.

கால் வழுக்கியதும் காசோலையைத்தான் முதலில் விட்டார்.
முதுகு தரையில் படும்வரை
ரொட்டியை விடவில்லை.
கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தட்டுவதை நிறுத்திவிட்டு
ப்ரூயிட் காத்திருந்தார்.
வெளியே நான்காம் படியில்
மறுபடியும் சொட்டிக்கொண்டிருந்தது.

வாடிக்கையாளர், என்றேன்.

ஆர்வோ மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.
ஐலி பேசினாள். முட்டாள் என்றாள்,
கொஞ்சம் பொறுத்து,
ஞாயிறு சாப்பிட வருகிறாயா என்றாள்.

இப்போது கேள்வி பதினான்குக்கு 'உண்டு'.
மாதம் நாற்பத்தொன்று அதற்கு.
இருநூறு ஆர்வோவின் மருத்துவமனைக்கு,
இன்னும் நாலு வருஷம்.
வாசலில் மூடியில்லாத ஒரு வாளி உப்பு,
மே மாதமும் அங்கேயே இருக்கிறது.

அந்தக் காசோலையை வங்கியில் போடவில்லை.
ஆகஸ்டில் அது செல்லாமல் போகும்.
ஆர்வோ புத்தகத்தில் அது போன பணம்,
என் புத்தகத்தில் வராத பணம்.
மாதா மாதம் முந்நூற்று எண்பது இடிக்கிறது.
ஏன் என்று அவர் கேட்பதில்லை.
கைத்தடியை மேசையோரம் சாய்த்துவிட்டு
அந்த வரியைத் தாண்டிப் படிக்கிறார்.

இரண்டு புத்தகத்தையும் எழுதுகிறவள் நான்தான்.