பத்து எண்ணும் பதம்

போன வாரம் பனி.
முப்பது பனிப்பூ, நடுவில் சீனி முத்து,
ஒன்று நாலு வெள்ளி.
இந்த வாரம் ஆட்டம் என்று
பாலர் பள்ளி அஸ்லினா டீச்சர்
குரல் செய்தி அனுப்பியிருந்தார்.
ஆட்டமா, என்ன ஆட்டம்,
பிள்ளைகள் மேடையில் ஆடுகிறார்களா என்று கேட்டதற்கு
ஒரு படம் வந்தது:
கனடாவோ எதுவோ,
தெரு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இலை,
கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளை.
மூசிம் லுரோ, காக்.
இலை உதிரும் பருவம்.
அணிலும் வேண்டுமாம்.
அணிலுக்கு அச்சில்லை,
முப்பதும் இலைதான் என்று முடித்தேன்.

ஷாப்பியில் வாங்கிய அச்சுக்கு ஐந்து முனை.
மாவு ஒவ்வொரு முறையும்
காம்பிலேயே அறுந்தது.
காம்பில்லாத ஏழு பிஸ்கட்டைத்
தர்வினி பேசாமல் தின்று தீர்த்தாள்,
ஆடும் பல்லில் படாமல், கடைவாயால்.

ஐசிங் என்பது வானிலையோடு போடும் சண்டை.
பகாவில் பிப்ரவரி மூன்று மணி வெயிலுக்குச்
சீனியும் வியர்க்கும்.
கரண்டியால் கோடு இழுத்து எண்ண வேண்டும்:
பத்தில் கோடு மறைந்தால் நிரப்பலாம்.
ஐந்திலேயே மறைந்தால் கரை தாண்டி ஓடும்.
மறையவே இல்லையா,
அது சுவர் பூசத்தான் ஆகும்.

படுக்கையறையில்தான் ஏர்கான்.
மெத்தையைச் சுவரில் சாய்த்துக்
கட்டில் பலகைமேல் ஆறு தட்டு.
செம்பனைக் குலை இறக்கிவிட்டு வந்த சந்திரமோகன்
கதவைத் திறந்தார், பார்த்தார்,
தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டார்.
போகிற போக்கில்
"இது பழுக்காத மஞ்சள்" என்றார்.

உண்மைதான்.
டப்பாவில் ஆரஞ்சு என்று எழுதியிருந்தது
எலுமிச்சைக்கும் ஃபான்டாவுக்கும் நடுவில் நின்றது.
சிவப்பு சேர்த்தேன், ஆங்பாவ் உறையானது.
லாரியின் பின்கதவு இடுக்கில் மாட்டியிருந்த
ஒற்றைப் பழத்தை
மேசைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.
அடியில் ஆரஞ்சு, தோளில் சிவப்பு,
நுனியில் கிட்டத்தட்டக் கறுப்பு.
அதைப் பார்த்துப் பார்த்துக் கலக்கினேன்.
கனடாவின் இலைகள்
சமையல் எண்ணெயின் நிறத்தில் காய்ந்தன.

நரம்புதான் வரவில்லை.
படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகக் கலைந்தது.
"பின்னாடி போய்ப் பாரேம்மா" என்றாள் தர்வினி.

பின்னாடி ஆ செங்கின் நாலு ஏக்கர் பால்மரம்.
பத்து நாளாய் உதிர்கிறது.
சாக்கடையை அடைக்கிறது,
காயப்போட்ட துணிக்குள் நுழைகிறது,
ஆ செங் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டு
நம்பர் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்,
நான் கூட்டித் தள்ளுகிறேன்.
திட்டியிருக்கிறேன், காலையும் மாலையும்.
பருவம் என்று
ஒரு நாளும் அதைக் கூப்பிட்டதில்லை.

தர்வினி மூன்று கொண்டுவந்தாள்.
ஒன்று பித்தளை, ஒன்று காய்ந்த ரத்தம்,
ஒன்றுக்குப் பச்சையை விட இன்னும் மனமில்லை.
ஒரே காம்பில் மூன்று இலை.
நடு நரம்பு நேராகப் போகிறது.
கிளை நரம்புகள்
ஓரத்தைத் தொடுமுன் வளைந்து
பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கின்றன.
பல்குச்சியால் அதையே இழுத்தேன்,
ஐந்து முனை இலையில் பால்மர நரம்பு.
அஸ்லினாவுக்குத் தெரியாது.
கனடாவுக்கும் தெரியாது.

மீந்த மாவு ஒரு பிடி.
அச்சை எடுக்காமல்
கத்தி நுனியால் அறுத்தேன்.
மூன்று இலை, ஒரு காம்பு.
காம்பு நின்றது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் படம் வந்தது,
ஐசிங் அப்பிய வாய்கள்.
கீழே ஒரு கேள்வி:
காக், முப்பத்தொன்று இருந்ததே.
ஒன்று வேறு மாதிரி.
ஹைக்கால் அதைத் தின்னாமல்
கையிலேயே வைத்திருக்கிறான்,
எங்கள் வீட்டு மரம் என்கிறான்.
அது என்ன இலை?

தட்டினேன். அழித்தேன். தட்டினேன்.
கோடு மறைகிறதா என்று பார்ப்பதுபோலத்
திரையைப் பார்த்து எண்ணத் தொடங்கி
ஏழிலேயே அனுப்பிவிட்டேன்:
அது கணக்கில் இல்லை, டீச்சர்.
காசு வேண்டாம்.