முதுகு: பதினான்கு புள்ளி நான்கு

காக்கி புக்கிட், நான்காவது மாடி.
சரக்கு மின்தூக்கி வந்து நிற்கும்போதெல்லாம்
தரை ஒரு தடவை விக்கும்,
என் கோப்பியில் வளையம் எழும்.
நாங்கள் அட்டை மட்டும்தான்.
உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது
ஊபியில் வேறொரு இயந்திரத்தின் கவலை.
எனக்கு வேண்டியது நீளம், அகலம், எத்தனை படி,
அப்புறம் முதுகு.

முதுகு ஒன்றும் ரகசியமில்லை.
பக்கத்தைப் பாதியாக்கித் தாளின் தடிமனால் பெருக்கு.
நிஜாமுதீன் அண்ணன் அனுப்பியது
இருநூற்று எண்பத்தெட்டுப் பக்கம், அறுநூறு படி,
மேட் லேமினேஷன்.
முதுகு மட்டும் கருஞ்சிவப்பு.
"அந்தம்மா சேலை நிறம், மாறக் கூடாது."
பதினான்கு புள்ளி நான்கு மில்லிமீட்டர்.

முதல் மெய்ப்பில் தலைப்பு உடைந்து வந்தது.
'கொ' என்ற எழுத்தில்
கொம்பு தனியே போய் நின்றுகொள்ள
பக்கத்தில் புள்ளிகளால் ஒரு வட்டம்.
கோ பூன் டெக்குக்குத் தமிழ் தெரியாது.
இருந்தும் முப்பது வருஷத்தில்
ஒரு தமிழ் அட்டையைக்கூடத் தலைகீழாக ஏற்றியதில்லை.
விரலை வைத்துக் கேட்டார்:
"இந்த முட்டை, டிசைனா?"
இல்லை என்றேன்.
"நினைத்தேன். உங்கள் எழுத்தில் புள்ளி இருக்கும், ஓட்டை இருக்கும்.
புள்ளியால் ஆன ஓட்டை இருக்காது."

சரிசெய்தோம். அடித்தோம்.
வெள்ளிக்கிழமை ரோஸ்லான் தொழுதுவிட்டு வந்து
அறுநூற்றுக்கும் படலம் ஒட்டினான்.
தொட்டால் பவுடர் போட்ட கழுத்து மாதிரி.

திங்கட்கிழமை அண்ணனின் தொலைபேசி.
"பக்கம் குறைஞ்சிருச்சு."
எவ்வளவு?
"நாப்பத்தெட்டு."
பிழை திருத்தியதிலா?
"அந்தம்மாவோட தம்பி வந்தாரு. பேசிட்டுப் போனாரு."
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
கால்குலேட்டர் சொன்னது:
இருபத்துநான்கு தாள்,
இரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர்.

ஒரு வீடாக இருக்கலாம். ஒரு கையெழுத்து.
ஆஸ்பத்திரியில் ஓர் இரவு.
அளவுகோலை எடுத்து என் விரல் மேல் வைத்துப் பார்த்தேன்.
மூன்று வாரம் வெட்டாத நகம்,
அவ்வளவுதான்.

அப்படியே கட்டினால்
சேலைச் சிவப்பு முன்னட்டைக்குள் எட்டிப்பார்க்கும்,
பின்னட்டையிலும்.
திரும்ப அடிக்க அண்ணனிடம் காசில்லை,
மானியத்தில் அட்டைக்கான வரி தீர்ந்துவிட்டது.
கோ தாள் மாதிரிகளை விசிறிபோல் விரித்துக்கொண்டு
கண்ணை மூடினார்.
கட்டைவிரல் ஒவ்வொன்றாய்க் கடந்து
ஓரிடத்தில் நின்றது.
"இது. புள்ளி ஒன்று இரண்டு."
நூற்றிருபது தாள்.
பெருக்கினேன். பதினான்கு புள்ளி நான்கு.
நம்பாமல் இன்னொரு முறை பெருக்கினேன்.
"கேன்?" என்றார்.
கேன் என்றேன்.
ஊபிக்குச் சொல்லிவிட்டோம்.
போனது போக மிஞ்சிய பக்கங்கள்
ஆளுக்குக் கொஞ்சம் தடித்துக்கொண்டன.

வெளியீடு விக்டோரியா தெரு நூலகத்தில், ஐந்தாவது மாடி.
வெரோனிக்கா அருளப்பன் கருஞ்சிவப்பில்தான் வந்திருந்தார்.
படலத்துக்குக் கீழே எங்கள் சிவப்பு
ஒரு பிடி மங்கித்தான் போயிருந்தது. சொல்லவில்லை.
முன்வரிசையில் ஒருவர்
புத்தகத்தைத் திறக்காமல்
முதுகைப் பிடித்தபடி மடியில் வைத்திருந்தார்.
தம்பியாக இருக்கலாம்.
வடைக்காக வந்தவராகவும் இருக்கலாம்.
"நல்ல கனமா இருக்கு" என்றாள்
என் பக்கத்திலிருந்த பெண், உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து.

நான் என் படியைத் திறந்தேன்.
நூற்றெழுபத்தாறாம் பக்கத்தில்
அத்தியாயம் பதினொன்று முடிகிறது.
எதிர்ப்பக்கத்தில் தொடங்குவது
பதின்மூன்று.

கோ வந்திருந்தால் விரலை வைத்துக் கேட்டிருப்பார்,
இது டிசைனா என்று.