பச்சை அட்டை

ஜுபைலில் என் வேலை
சாரக்குழாய்களைத் தட்டிப் பார்ப்பது.
ஸ்பேனரால் ஒரு தட்டு.
நல்ல குழாய் கணீரென்று பதில் சொல்லும்.
உள்ளே துரு தின்ற குழாய்
தூக்கத்தில் கூப்பிட்டவன் போல
'ம்' என்னும்.
அந்தச் சாரத்தின் கழுத்தில் சிவப்பு அட்டை.
மற்றதற்குப் பச்சை.
என் கிறுக்கல் கையெழுத்தை நம்பி
நாற்பது மீட்டர் உயரத்தில் நின்று
சுலைமானி குடித்திருக்கிறார்கள்.

விடிகாலை நாலு மணிக்கு
நான் கட்டிலைவிட்டு எழுவதைத்
தில்பகதூர் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறான்.
முதலில் ஒருக்களிப்பேன்,
பிறகு முட்டி, பிறகு சுவர்.
பாத்ரூம் வரிசையில் அரைமணி நடந்தால்
முதுகு கொஞ்சம் மனம் இரங்கும்.
வாயுப்பிடிப்பு என்றேன்.
மெத்தை சரியில்லை என்றேன்.
மெத்தையை மாற்றிக் கொடுத்தான், பாவம்,
தன்னுடையதை.

போன மாதம் கேம்ப் பஸ்
ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கியது.
கடைசி சீட்டில் எல்லோரும் எகிறிச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்,
பாதிவரை.

சூடான்காரர் டாக்டர் இத்ரீஸ்
படத்தை வெளிச்சத்தில் மாட்டி
'மூங்கில்' என்றார்.
இந்த வாதம் கணுவையும் கணுவையும் ஒட்டவைத்து
முதுகை ஒரே கழியாக்கிவிடுமாம்.
வெளியே வேண்டாத எலும்பு வளர்ந்துகொண்டே போக
உள்ளே வேண்டிய எலும்பு கரைந்துகொண்டே போகுமாம்.
கழியில் ஒரு கணு நசுங்கியிருந்தது.
பஸ் செய்த வேலை.

அடர்த்தி அளக்கும் மிஷினில் படுக்கவைத்தபோது
'முதுகை நம்பாதே, ஏமாற்றும்,
இடுப்பைப் பார்' என்று நர்ஸிடம் சொன்னார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
புதுப் பெயின்ட் அடித்த பழைய குழாய்கள்
நான் பார்க்காததா?

மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது.
வைட்டமின் டி, ஒன்பது.
'இந்த ஊர் வெயிலிலா?' என்றாள் நர்ஸ் ஷைனி.
முகத்தில் துணி, கையில் கிளவுஸ்,
கழுத்துவரை கவரால்.
வெயில் என்னைச் சுட்டதுண்டு, ஷைனி,
தொட்டதில்லை.

'சேட்டா, நேரே நில்லு.'
நேரேதான் நின்றிருந்தேன்.
முதல் இக்காமா மெடிக்கலில் நூற்று எழுபத்திரண்டு.
இப்போது நூற்று அறுபத்தெட்டு.
நாலு சென்டிமீட்டரை
எந்த யார்டில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன்?

'அது பெண்களுக்கு வருவதாயிற்றே'
என்கிறான் தில்பகதூர்.
எலும்புக்கு அது தெரியவில்லை, தம்பி.

வருடத்துக்கு ஒரு ஊசி, சொட்டுச் சொட்டாக ஏறும்.
இன்ஷூரன்ஸ் பேப்பர் தம்மாம் போயிருக்கிறது.
குனிந்து தூக்கக்கூடாது. ஏறக்கூடாது.
முக்கியமாக, விழவே கூடாது.
கடைசி வரியை
தினம் காலை ஆறு மணிக்கு
நாற்பது பேரை நிற்கவைத்து
நான்தான் சொல்கிறேன்.

இன்று மூன்றாவது டவரில் ஒரு குழாய் 'ம்' என்றது.
சிவப்பு மாட்டினேன்.
'வெளியே நன்றாகத்தானே இருக்கிறது, அருளப்பா?'
ஃபோர்மேன் கேட்டார்.
பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.
அந்தப் பதிலில் என் விசா இருந்தது.
மூடிக்கொண்டேன்.

எழுதாத அட்டை ஒன்று பையோடு வந்துவிட்டது.
பங்கரில் படுத்துப் பார்க்கிறேன்.
தாங்கும் எடை: காலி.
பரிசோதித்தவர்: காலி.
அடுத்த பரிசோதனை, ஏழு நாளுக்குள்.

பிலோமிக்குப் போன் போட்டேன்.
'ஏர்போர்ட்டுக்கு உன் தம்பியையும் கூட்டிட்டு வா.'
'எதுக்கு?'
'பெட்டி தூக்க.'
தூத்துக்குடியில் குக்கர் இரண்டு தடவை கூவியது.
அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.
'இத்தனை வருஷம் நீங்கதானே தூக்குவீங்க'
என்று சொல்லவில்லை அவள்.

'எங்க வலிக்குது?' என்றாள்.