பழையதை யார் எடுத்துப்போவது

கோச்சாவின் வேனுக்கு முன்கதவு திறக்காது.
பின்வழியே ஏறி, தராசைத் தாண்டி,
செம்புக்கம்பிச் சாக்கைத் தாண்டித்தான்
ஓட்டுகிற இடத்துக்குப் போகவேண்டும்.
கம்பெனி என்றால் இவ்வளவுதான்:
வேன், தராசு, என் கொழுந்தன் கோச்சா, நான்.
பதிவு எண் உண்டு. முத்திரையும் உண்டு.
அதில் ம்ஸெவினார் என்ற என் பெயரில்
ஓர் எழுத்து குறைகிறது.
திருத்தக் காசு கேட்டார்கள், விட்டுவிட்டேன்.

திபிலீசியில் முதல் கடை. தானே திறக்கும் கண்ணாடி.
மனப்பாடம் செய்திருந்தேன்:
வருடத்துக்கு இத்தனை டன், இத்தனை சதவீதம், பூமி, நாளைய தலைமுறை.
"கழிவு மேலாண்மை" என்று ஆரம்பித்தேன்.
மேலாளர் முதல் பாதியிலேயே நின்றுவிட்டார்.
பிறகு அவர் பார்த்ததெல்லாம் என் காலணியை.

இரண்டாவது கடையில், காகிதத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.
எட்டுப் பக்கம், வண்ண அச்சு.
குடையை மறந்து திரும்பிப் போனால்
அதன்மேல் காப்பிக் கோப்பை.
"கொஞ்சம் கொடுங்கள்" என்று கோப்பையைத் தூக்கி
காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.
அச்சுக்கு நாலு லரி கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது, லீலோ சந்தையில் தாரியேலின் கடை.
துவைக்கும் எந்திரங்கள் கூரைவரை.
உட்காருங்கள் என்றார். நாற்காலி இல்லை.
பிரிக்காத ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன்
ஒரு மணி நாற்பது நிமிடம்.

அப்போது வந்தவள் ஒரு நர்ஸ்,
கோட்டுக்குக் கீழே பச்சைச் சீருடை எட்டிப்பார்த்தது.
குளிர்பெட்டியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.
பணத்தை எண்ணி மேசையில் வைத்தாள்.
விரலை எடுக்காமல் கேட்டாள்:
"பழையதை யார் எடுத்துப்போவது?"
"வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது இலவசம்" என்றார் தாரியேல்.
"நான் அதைக் கேட்கவில்லை.
ஏழாம் மாடி. நானும் என் பையனும்தான்."
பணம் மெதுவாகப் பைக்குள் திரும்பத் தொடங்கியது.

"நான் எடுத்துப்போகிறேன்" என்றேன்.
பெட்டியே பேசிவிட்டதுபோலத் திரும்பினார் தாரியேல்.
"இன்று ஆறு மணிக்கு.
லிஃப்டில் போடும் காசும் என்னுடையது."

எட்டுப் பக்கமும் அவருடைய ரசீதின் பின்புறத்தில்
ஒரே வரியில் அடங்கியது:
புதியது ஏறும்போது பழையது இறங்கும்.
அவர் படித்தார். "எனக்குச் செலவு?"
"இல்லை."
"உனக்கு என்ன லாபம்?"
"அது என் தராசுக்குத் தெரியும்."

லிஃப்ட் இருபது தெத்ரி விழுங்கி
நாலாம் மாடியில் நின்றது.
இன்னொரு இருபது போட்டதும்
முனகிக்கொண்டு கிளம்பியது.
பழைய குளிர்பெட்டிக்குள் ஒரு பாட்டில் பிளம் சாறு,
பெயர் அழிந்த ஒரு மருந்து.
கதவின் ஓரத்தில் பென்சில் கோடுகள்,
ஒவ்வொன்றுக்கும் தேதி.
கடைசிக் கோடு என் தோளுக்கு வந்தது.

கோச்சா வாரைக் கட்டிவிட்டான்.
"இந்தக் கதவை மட்டும்..." என்றாள் நர்ஸ்.
கதவு என்றால் ஒன்பது கிலோ.
நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்ததை
அவள் கவனித்திருக்கக்கூடும்.
கீழே போய்த் திருகாணிச்சாவியை எடுத்துவந்தேன்,
இன்னொரு இருபது தெத்ரி.

ருஸ்தாவிக்குத் திரும்பும் வழியெல்லாம்
வேனுக்குள் அந்த வாய் திறந்தே கிடந்தது.
பிளம் சாறு கோச்சாவின் மடியில்.
இரவில் கணக்கு எழுதினேன்:
இரும்பு, அமுக்கி, செம்பு, டீசல், லிஃப்ட்.
மீதி ஆறு லரி எழுபது.
கதவை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை,
ஓரத்தில் எழுதி வைத்தேன்.

காலை ஒன்பதுக்குத் தாரியேலின் அழைப்பு.
"இன்று மூன்று இருக்கிறது.
ஒன்று ஐந்தாம் மாடி, லிஃப்டே இல்லாத கட்டடம்."
சரி என்றேன்.
கோச்சா இன்னும் தூங்குகிறான்.